பஞ்சு முதலையும் கொட்டிய காப்பியும்

எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பைண்டு புத்தகங்களாகக் கிடந்தது. வாரா வாரம் ‘கல்கி’ இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த படங்களோடு சேர்த்துத் தைத்து, காலிகோ ஒட்டியது. முதல் பாகத்தைக் கையில் எடுத்தால் அது தானாகவே ஓரிடத்தில் திறந்துகொள்ளும். வீட்டில் அத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துப் படித்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் நாவலின் நாயகன் வந்தியத்தேவன் அரிசிலாற்றங்கரையில் குதிரையேறி வந்துகொண்டிருக்கிறான். பெண்கள் அலறும் சத்தம் கேட்கிறது. விரைந்து போய்ப் பார்த்தால் கரையில் சில பெண்கள்; பக்கத்தில் வாயைப் பிளந்தபடி ஒரு முதலை. யோசிக்க ஏது நேரம்? வேலைக் குறிபார்த்து எறிகிறான். அது முதலையின் முதுகில் தைத்து நிற்கிறது. பெண்கள் நன்றி சொல்லவில்லை, கலகலவென்று சிரிக்கிறார்கள். அது என்றோ செத்துப்போன முதலை. உள்ளே வெறும் பஞ்சு. அங்கே நிற்பவர்களில் ஒருத்தி சோழ இளவரசி குந்தவை என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

பாட்டி இந்த இடம் வருவதற்கு ஒரு பக்கம் முன்னாலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவாள். “பாவம், பிள்ளை” என்பாள். அருள்மொழிவர்மனைப் பற்றி அவள் ஒருநாளும் ‘பாவம்’ என்று சொன்னதில்லை. அவர் மகராஜன். நாவலின் தலைப்பே அவர் பெயர்தான். வீரம், பெருந்தன்மை, யானையையும் வசப்படுத்தும் வித்தை என்று எதிலும் குறை கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் பிடித்தவன் வந்தியத்தேவன்தான். எங்கள் வீட்டில் மட்டுமா? தமிழ்நாட்டில் பத்து வாசகர்களை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

1950-இல் தொடங்கிய அந்தத் தொடரின் ஆரம்ப அத்தியாயங்களிலேயே நாவலாசிரியர் கல்கி தன் கதாநாயகனைப் பெண்கள் முன்னால் இப்படி அசடு வழிய வைத்தது ஏன்? வீரனை அறிமுகம் செய்கிறவர் ஓர் உண்மை முதலையைக் கொடுத்திருக்கலாமே? இதற்கு ஒரு விடை சுமார் பதினைந்து ஆண்டுகள் கழித்து, அரிசிலாற்றங்கரைக்கு வெகுதூரத்தில், ஒரு கோப்பைக் காப்பியிலிருந்து கிடைத்தது.

*

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் செய்த சோதனை அது, 1966-இல் வெளியானது. மாணவர்களை அழைத்து ஓர் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினார்கள். வினாடி வினாப் போட்டி அணிக்கு ஆள் எடுக்கும் நேர்காணல் அதில் பதிவாகியிருந்தது. கேட்டு முடித்ததும் அந்த ஆளை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று மாணவர்கள் சொல்ல வேண்டும்.

ஒலிநாடாவில் இரண்டு வகை ஆட்கள். ஒருவன் கெட்டிக்காரன், கடினமான கேள்விகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டுக்குச் சரியாகப் பதில் சொல்கிறான். படிப்பில் முதல் வரிசை, கல்லூரி ஆண்டு மலருக்கு ஆசிரியர், ஓட்டப்பந்தய அணியிலும் இருந்தவன். இன்னொருவன் சுமார், நூற்றுக்கு முப்பதுதான் சரி. ஆண்டு மலரில் பிழை திருத்தியவன், ஓட்டப்பந்தய அணிக்கு முயன்று இடம் கிடைக்காதவன். இரண்டுக்கும் குரல் கொடுத்தது ஒரே ஆள்தான்.

ஒவ்வொரு வகையிலும் இரண்டு பதிப்புகள். ஒன்றில் நேர்காணல் ஒழுங்காக முடிகிறது. மற்றதில் கடைசியில் ஒரு களேபரம். கோப்பை உருளும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், புதுச் சட்டை முழுக்கக் காப்பியைக் கொட்டிக்கொண்டேனே என்று அந்த ஆள் பதறும் குரல்.

மாணவர்களுக்கு அதிகம் பிடித்தது யாரை என்றால், காப்பியைக் கொட்டிக்கொண்ட கெட்டிக்காரனை. ஒரு தவறும் செய்யாத கெட்டிக்காரன் அவனுக்கு அடுத்துதான் வந்தான். எல்லாருக்கும் கீழே, கடைசி இடத்தில், காப்பியைக் கொட்டிக்கொண்ட சுமார் ஆள்.

இந்தக் கடைசி வரியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். குறை இருந்தால் பிடிக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஒரே காப்பி, ஒரே கோப்பை. கெட்டிக்காரன் கொட்டினால் ‘நம்மைப் போலத்தானே இவனும்’ என்று நெருக்கம் வருகிறது. சுமாரானவன் கொட்டினால் ‘இதுவும் வேறயா’ என்று சலிப்பு வருகிறது. நம் கண்ணில் ஓர் உயரத்தில் நிற்கிறவன் சறுக்கினால்தான் அவனோடு உறவு வருகிறது.

இனி வந்தியத்தேவனைப் பாருங்கள். முதலைக்கு முன்னால் கல்கி அவனை எங்கெல்லாம் கொண்டுபோயிருக்கிறார்? கடம்பூர் மாளிகையின் வாசற்காவலர்களைப் பொருட்படுத்தாமல் குதிரையோடு உள்ளே புகுந்திருக்கிறான். நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடிப் பேசிய சதியை மறைந்திருந்து கேட்டிருக்கிறான். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனே நம்பி ஓலை கொடுத்து அனுப்பிய ஆள். இவன் சாமானியன் அல்ல என்று நம் மனத்தில் பதிந்த பிறகே பஞ்சு முதலை வருகிறது. வரிசை மாறியிருந்தால், முதல் அத்தியாயத்திலேயே முதலை வந்திருந்தால், நாம் அவனைக் கோமாளி என்று ஓரங்கட்டியிருப்போம். வேல் குறி தவறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எறிந்த திறமை உண்மை, முதலைதான் பொய்.

1970-இல் ஆரன்சனும் வேறு சிலரும் இந்தச் சோதனையை இன்னொரு கோணத்தில் செய்தார்கள். கேட்கிறவர் தன்னைப் பற்றி எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்து அளந்தார்கள். சராசரியான தன்மதிப்பு உள்ளவர்களுக்குத்தான் சறுக்கிய கெட்டிக்காரனைப் பிடித்தது. தன்னை மிக உயர்வாக நினைப்பவர்களும் சரி, மிகத் தாழ்வாக நினைப்பவர்களும் சரி, சறுக்காத கெட்டிக்காரனையே விரும்பினார்கள். ஒருவருக்குப் பிடித்த நாயகன் இன்னொருவருக்குச் சப்பென்று இருப்பதன் சூட்சுமம் இங்கே கொஞ்சம் பிடிபடுகிறது. மனம் உடைந்து கிடக்கிறவருக்கு விரிசல் இல்லாத தூண் தேவைப்படலாம். தூணுக்கு நிகராகத் தன்னை நினைப்பவருக்கும் விரிசல் பிடிக்காமல் போகலாம். நடுவில் இருக்கும் நமக்குத்தான் முதலை வேண்டியிருக்கிறது.

*

சரி, இல்லாத ஒரு மனிதனைப் பிடிப்பதும் பிடிக்காததும் எப்படி சாத்தியமாகிறது? ஒலிநாடாவிலாவது ஒரு மனிதக் குரல் இருந்தது. நாவலில் இருப்பது வெறும் அச்சு எழுத்து.

எழுத்துகூட வேண்டாம், இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் போதும் என்று 1944-இல் காட்டினார்கள் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும். அவர்கள் எடுத்தது ஒரு சிறிய அசைபடம். ஒரு செவ்வகம், அதன் ஒரு பக்கம் கதவுபோலத் திறந்து மூடும். அதைச் சுற்றி ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு சின்ன வட்டம் ஆகியவை நகர்கின்றன, மோதுகின்றன, உள்ளே போகின்றன, வெளியே வருகின்றன. அவ்வளவுதான் படம். கண் கிடையாது, வாய் கிடையாது, பேச்சு கிடையாது.

பார்த்ததை எழுதுங்கள் என்று 34 மாணவிகளிடம் கேட்டார்கள். ஒரே ஒருத்திதான் முக்கோணம் நகர்ந்தது, வட்டம் நகர்ந்தது என்று வடிவியல் பாடம் எழுதினாள். மற்ற எல்லாரும் கதை எழுதினார்கள். பெரிய முக்கோணம் முரடன். சின்ன முக்கோணம் துணிச்சல்காரன். வட்டம் பயந்த பெண். அவளை அவன் அறைக்குள் மடக்கப் பார்க்கிறான், இவன் காப்பாற்றுகிறான். பாதித் தமிழ்ப் படங்களின் கதை, வெள்ளைத்திரையில் கறுப்பு வடிவங்களாக.

நாயகனை எழுத்தாளர் முழுதாகச் செய்து நம் கையில் கொடுப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அசைவைக் கண்டால் அதற்குள் ஓர் ஆசையை வைப்பதும், ஆசை வந்தால் பக்கம் சேர்வதும் நம் மனத்தின் வேலை. எழுத்தாளர் கோடு கிழிக்கிறார், உயிர் நம்முடையது.

இந்தப் பக்கம் சேரும் குணம் பிறவியிலேயே வருகிறதா? 2007-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கைலி ஹாம்லின், கேரன் வின், பால் ப்ளூம் ஆகியோர் ஆறு மாதக் கைக்குழந்தைகளுக்கு ஒரு சின்ன மர நாடகம் காட்டினார்கள். கண் ஒட்டிய ஒரு மரத்துண்டு மேடேற முயல்கிறது. ஒன்று அதைக் கீழிருந்து தள்ளி உதவுகிறது. இன்னொன்று மேலிருந்து பிடித்துத் தள்ளுகிறது. பிறகு இரண்டையும் நீட்டியபோது பன்னிரண்டு குழந்தைகளும் உதவியதையே எட்டிப் பிடித்தன. உலகமே வியந்தது. ஆனால் அண்மையில் 37 ஆய்வகங்கள் கைகோத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம், மரத்துண்டுக்குப் பதிலாகக் காணொளியாகக் காட்டி இதைத் திரும்பச் செய்து பார்த்தன. முடிவு ஏறக்குறைய சரிபாதி, காசைச் சுண்டிவிட்டதுபோல. ஆகவே நல்லவன் பக்கம் நிற்பது தொட்டிலிலேயே வருகிறது என்று அடித்துச் சொல்வதற்கில்லை. அதில் எவ்வளவு பிறவிக்குணம், எவ்வளவு மடியில் உட்கார்ந்து கேட்ட கதைகளின் வேலை என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

*

பக்கம் சேர்கிறோம் என்பது தெரிந்துவிட்டது. யார் பக்கம் என்பதில்தான் நாயகர்களின் வகைகள் பிரிகின்றன.

கனடாவின் இலக்கிய விமர்சகர் நார்த்ரப் ஃப்ரை 1957-இல் ஓர் ஏணி வரைந்தார். நாயகன் நம்மைவிட எவ்வளவு சக்தி உள்ளவன் என்பதே அதன் அளவுகோல். மேல்படியில் தெய்வம். அடுத்து இயற்கையை மீறும் சாகச வீரன். அடுத்து மனிதன்தான், ஆனால் தலைவன். அதற்குக் கீழே நம்மைப் போன்றவன். கடைசிப் படியில் நம்மைவிடச் சக்தி குறைந்து, சிக்கிக்கொண்டு தவிப்பவன். ஐரோப்பிய இலக்கியம் பல நூற்றாண்டுகளாக இந்த ஏணியில் மெல்ல மெல்ல இறங்கி வந்திருக்கிறது என்பது அவர் கணிப்பு.

தமிழில் ஏணி இவ்வளவு ஒழுங்காக இறங்கவில்லை. பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத தலைவன் வேண்டும் என்று தண்டியலங்காரம் இலக்கணம் சொன்னது. அதற்கு முன்பே எழுதப்பட்ட சிலப்பதிகாரத்தின் கோவலனோ மனைவியை விட்டு மாதவியிடம் போனவன், சொத்தைத் தொலைத்தவன், கடைசியில் ஒரு சிலம்பை விற்க மதுரைத் தெருவில் இறங்கி நடந்தவன். தன்னிகரில்லாத தன்மை அந்தக் காப்பியத்தில் கண்ணகிக்குப் போய்ச் சேர்ந்தது. அகப்பாடல்களில் இன்னும் ஒரு விசேஷம். அங்கே தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரே சூட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. பெயர் போட்டால் அது யாரோ ஒருவரின் காதல். பெயரில்லாவிட்டால் கேட்கிறவர் எவரும் உள்ளே போய் நின்றுகொள்ளலாம்.

மேல்படியில் நிற்பவர்களின் சிக்கல் அவர்களைப் படைத்தவர்களுக்கே தெரிந்திருந்தது. 1938-இல் சூப்பர்மேன் வந்தபோது அவனை அடக்க எதுவும் இல்லை. எதனாலும் ஒன்றும் செய்துவிட முடியாத ஒருவனுக்கு என்ன ஆகுமோ என்று எப்படிப் பதறுவது? 1943-இல் வானொலித் தொடரில் கிரிப்டோனைட் என்ற கல் வந்தது. பக்கத்தில் வந்தால் அவன் துவண்டுவிடுவான். 1949-இல் அது சித்திரக்கதைக்குள்ளும் நுழைந்தது. முழுமையான வீரனைச் செய்து முடித்த பிறகு, அவன் உடம்பில் ஓட்டை போட ஒரு கல்லைத் தேட வேண்டியிருந்தது.

1962-இல் வந்தவர்கள் ஓட்டையோடே பிறந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் நியூயார்க்கில் ஸ்பைடர்மேன். பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாகும், வீட்டுச் செலவுக்குத் திண்டாடும் பையன். அக்டோபரில் லண்டனில் இன்னொருவன். ஆய்வக விபத்தில் ஒரு கையை இழந்து, அதற்குப் பதில் இரும்புக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டல். பிரிட்டனில் அவனை மறந்துவிட்டிருப்பார்கள். சிவகாசி முத்து காமிக்ஸ் 1972-இல் அவனை ‘இரும்புக்கை மாயாவி’யாக அழைத்து வந்த பிறகு தமிழ்ப் பையன்கள் மறக்கவில்லை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுவதும் மறைந்துவிடும். அந்த இரும்புக் கை மட்டும் மறையாது.

இந்த ஒரு விவரத்தை நினைத்துப் பாருங்கள். முழுதாக மறைகிறவன் கதையில் பயம் எங்கிருந்து வரும்? எதிரியின் மேசை ஓரமாக அந்தரத்தில் ஒரு கை ஊர்ந்து போகிறது, எவனாவது திரும்பிப் பார்த்துவிட்டால் தொலைந்தது என்னும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அவனுடைய சக்தி அவனை மறைக்கிறது. அவனுடைய இழப்பு அவனைக் காட்டிக்கொடுக்கிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாடியபோது எல்லாரும் நடித்தது அந்தக் கையைத்தான்.

*

சில நாயகர்களுக்கு, நாம் உள்ளே நுழையும் வாசல் அவர்கள் உடம்பிலேயே இருக்காது. பக்கத்து வீட்டில் இருக்கும். ஷெர்லக் ஹோம்ஸ் அப்படி. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதுகூடத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை என்று முதல் நாவலிலேயே சொல்லிவிடுகிற ஆள். சிரிப்பு வருகிறது, ஆனால் நெருங்க முடியவில்லை. அதனால் கோனன் டாயில் வாட்சனை வைத்தார். அறுபது ஹோம்ஸ் கதைகளில் ஐம்பத்தாறை வாட்சன்தான் சொல்கிறார். நாம் ஹோம்ஸின் மூளைக்குள் குடியிருப்பதில்லை. வாட்சனின் நாற்காலியில் உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்க்கிறோம். 1893-இல் டாயில் அலுத்துப்போய் ஹோம்ஸை அருவியில் தள்ளிவிட்டார். வாசகர்கள் விடவில்லை, 1903-இல் அவர் சாகவில்லை என்று கதை எழுதித் திரும்ப அழைத்து வர நேர்ந்தது.

ஹோம்ஸை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. 1940-களின் ஆனந்த விகடன் வாசகர்களைக் குலுங்க வைத்த வங்கிக் குமாஸ்தா. அறிவு மட்டு. தப்பான ஆளைச் சந்தேகித்து, தப்பான கதவைத் தட்டி, தடுக்கி விழுவான். விழுந்த இடத்தில் திருடன் அகப்படுவான். ஊரே அவனை மேதை என்று கொண்டாடும்.

ஆரன்சனின் கணக்குப்படி சாம்பு தோற்றிருக்க வேண்டும். காப்பி கொட்டிய சுமார் ஆள்தானே அவன்? அப்புறம் ஏன் பிடிக்கிறது? எனக்குத் தோன்றும் காரணம் இது. கதைக்குள் இருக்கும் எல்லாருக்கும் சாம்பு மேதை. அவன் உயரத்தை ஊர் கட்டிக் கொடுத்துவிட்டது. அவன் காப்பியைக் கொட்டியது மட்டும் நமக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. தேவன் நம்மை ஒரு ரகசியத்தில் பங்காளி ஆக்கிவிடுகிறார். ரகசியத்தைப் பகிர்ந்துகொண்டவர்மேல் பாசம் வராமல் என்ன செய்யும்?

எளியவன் வலியவனை எதிர்க்கும் கதை இன்னொரு வகை. ஜோசப் வாண்டெல்லோவும் சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கூடைப்பந்து ஆட்டத்தைக் காட்டி இரண்டு அணிகளில் ஒன்று தோற்கும் நிலையில் உள்ள சின்ன அணி என்று சொல்லி வைத்தார்கள். பார்த்தவர்கள் சின்ன அணியிடம் அதிக முயற்சியைக் கண்டார்கள்; பெரிய அணியிடம் அதிகத் திறமையைக் கண்டார்கள். ஓடிய ஓட்டம் மாறவில்லை, பார்த்த கண்தான் மாறியது. திறமை கொடுத்துவைத்தது, முயற்சி நம் கையில் இருப்பது. எளியவன்மேல் வரும் பாசத்தில் அந்த இரண்டாவதின் மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கை இருக்கிறது.

கடைசியாக, தப்பு செய்கிற நாயகன். இது கொஞ்சம் சங்கடமான வகை. 2015-இல் வந்த ‘பாபநாசம்’ படத்தில் சுயம்புலிங்கம் ஒரு சாவை மறைக்கிறார், பொய்ச்சாட்சிகளை அணிவகுக்க வைக்கிறார், குடும்பத்தையே பொய் சொல்லப் பழக்குகிறார். செத்த பையனின் தாய் எதிரே நின்று தவிக்கிறாள். ஆனால் திரையரங்கில் ஒருவர்கூட அவர் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார்.

நல்லவனா கெட்டவனா என்று எடைபோட்ட பிறகே நாம் ஒரு பாத்திரத்தை விரும்புகிறோம் என்று டால்ஃப் ஸில்மன் என்ற ஊடக உளவியலாளர் விளக்கியிருந்தார். 2004-இல் ஆர்தர் ரேனி அதைத் திருப்பிப் போட்டார். பல கதைகளில் முதல் சில நிமிடங்களிலேயே யார் பக்கம் என்று முடிவு செய்துவிடுகிறோம். அதன்பிறகு அவன் செய்வதற்கெல்லாம் நாமே வக்கீலாகிறோம். ‘வேறு வழி என்ன இருந்தது?’, ‘பிள்ளைக்காகத்தானே?’ என்று காரணங்கள் தாமாக வருகின்றன. சொந்த அண்ணன் தம்பிக்குச் செய்வதைத்தான் சுயம்புலிங்கத்துக்கும் செய்கிறோம். கதை நமக்குத் தரும் இன்பங்களில் இதுதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது. திரையில் பழகியதைத் தேர்தல் மேடையிலும் செய்துவிடக் கூடும்.

*

“சொந்த அண்ணன் தம்பி” என்று எழுதியது வெறும் உவமையா? ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மூளைக்குள் தேடிப் பார்த்தார்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ரசிகர்கள் 19 பேரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, பெயரையும் ஒரு குணத்தையும் திரையில் காட்டினார்கள். இந்தக் குணம் இந்த ஆளுக்குப் பொருந்துமா என்று ஆமாம், இல்லை சொல்ல வேண்டும். பெயர்களில் சில ரசிகரின் நிஜ நண்பர்கள், சில அந்தத் தொடரின் பாத்திரங்கள், ஒன்று ரசிகரின் சொந்தப் பெயர்.

நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பக்கத்தில் கீழாக ஒரு பகுதி உண்டு. நாம் நம்மைப் பற்றி யோசிக்கும்போது சுறுசுறுப்பாகும் இடம். நெருங்கிய நண்பரைப் பற்றி யோசித்தாலும் கொஞ்சம் அசையும். கதைக்குள் தம்மை மறந்து பாத்திரமாகவே ஆகிவிடும் வழக்கமுள்ள ரசிகர்களிடம், பாத்திரங்களைப் பற்றி யோசிக்கும்போது அந்த இடத்தில் தோன்றிய வடிவம், அவர்கள் தம்மைப் பற்றி யோசிக்கும்போது தோன்றிய வடிவத்தை ஒத்திருந்தது. மிகவும் பிடித்த பாத்திரம் என்றால் ஒற்றுமை இன்னும் கூடுதல். 19 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. 2021-இல் வெளியான இந்த ஆய்வை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனாலும் ‘அவன் நம்ம ஆள்’ என்று சொல்லும்போது ‘நம்ம’ என்ற சொல்லுக்கு மூளையில் ஓர் இடம் இருக்கக்கூடும் என்பது சிலிர்க்க வைக்கிறது.

நாமும் பாத்திரமும் இப்படிக் கலப்பதால் என்ன பயன்? என் அக்கா இதை ஆய்வு எதுவும் படிக்காமல் கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய நாலு வயது மகன் இட்லியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். “கண்ணா, சாப்பிடு” என்றால் நடக்காது. ஒருநாள் அவன் கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டு, “சோட்டா பீம் சாப்பிட்டாச்சா?” என்று கேட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு தட்டை உள்ளே இழுத்துக்கொண்டது.

2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நாலு வயதிலும் ஆறு வயதிலும் உள்ள 180 குழந்தைகளுக்கு ஓர் அலுப்பான கணினி வேலையைக் கொடுத்து, பத்து நிமிடம் செய்யச் சொன்னார்கள். பக்கத்திலேயே விளையாட ஐபேட். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ஒரு குழு ‘நான் நன்றாக உழைக்கிறேனா?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு குழு தன் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றாவது குழு பேட்மேன், டோரா, ரபுன்ஸெல், பாப் தி பில்டர் ஆகியோரில் ஒருவராக வேடம் போட்டுக்கொண்டு, ‘பேட்மேன் நன்றாக உழைக்கிறானா?’ என்று கேட்க வேண்டும். அதிக நேரம் வேலையில் நிலைத்தது மூன்றாவது குழு. தன்னால் முடியாததைச் செய்ய, தன்னிலிருந்து ஓரடி விலகி நிற்க ஒரு நாயகன் இடம் கொடுக்கிறான்.

ஆகவே நமக்கு நாயகனிடம் இரண்டும் வேண்டியிருக்கிறது. எட்டிப் பிடிக்க ஓர் உயரம் வேண்டும். இல்லாவிட்டால் அவனாக மாறி நமக்கு ஆவது ஒன்றுமில்லை. உள்ளே நுழைய ஒரு வாசலும் வேண்டும். இல்லாவிட்டால் அவனாக மாறவே முடியாது. சூப்பர்மேனுக்கு வாசலைப் பின்னால் இடித்துத் திறந்தார்கள். மாயாவிக்கு அது கையில். ஹோம்ஸுக்கு வாட்சன். சாம்புவுக்கு நாம் மட்டும் அறிந்த ரகசியம்.

வந்தியத்தேவனுக்கு வாசலைத் திறந்து வைத்தது கல்கி மட்டும் அல்ல, வரலாறும்தான். தஞ்சைப் பெரிய கோவிலின் கற்கள் முழுக்க, பின்னாளில் ராஜராஜன் ஆன அருள்மொழிவர்மனின் வெற்றிகளும் கொடைகளும் வரிவரியாக நிற்கின்றன. வந்தியத்தேவரோ அங்கே குந்தவையின் கணவர் என்ற ஒரு குறிப்பாக மட்டும் எட்டிப் பார்க்கிறார். ராஜராஜனைப் பற்றி எழுத உட்கார்ந்தவருக்குக் கல்வெட்டுகள் கையைப் பிடித்துக்கொண்டன. வந்தியத்தேவனைப் பற்றி எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு வெறுங்கல் கிடைத்தது. அந்த வெறுமைக்குள் முதலில் நுழைந்தவர் கல்கி; பின்னாலேயே நாமும் போய்விட்டோம்.

பாட்டி போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. பைண்டு புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. தாள் பழுத்து, தொட்டால் உதிர்கிறது. போன மாதம் அக்கா மகனுக்கு அந்த முதலைக் கதையைச் சொன்னேன். வேல் பறந்தபோது அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். உள்ளே பஞ்சு என்றதும் இரண்டு நொடி முழித்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரித்து முடித்ததும் கேட்டான்: “மாமா, அவனுக்கு வெக்கமா இருந்திருக்குமா?”

இருந்திருக்கும் என்றேன். துண்டை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தலையணையை முதலையாகப் போட்டு, வேலை எறிய ஆரம்பித்துவிட்டான்.